காலி லோரிதானே

சுங்கை சிப்புட்

தம்பி,

தீபாவளிக்கு வந்திருந்தபோது, ஆள் ஏற்றாமல் காலியாகக் கொண்டுபோன விமானத்தை உங்கள் கேப்டன் ஒரேயடியாகச் சாய்த்து வளைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய், நானும் முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். நீ போனபிறகு அது தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

உன் தங்கையிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். 2004 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்தது, உனக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். 50 பேர் உட்காரும் ஜெட், அன்றைக்கு ரெண்டு விமானிகள் மட்டும். பயணிகள்தான் இல்லையே என்று, அந்த விமானம் ஏறக்கூடிய கடைசி உயரமான 41,000 அடிக்கு ஏற்றினார்கள். விமானிகள் பேச்சில் அந்த உயரம் 410, அதைத் தொட்டவர்களுக்கு ‘நானூற்றுப் பத்து கிளப்’ என்று பேராம், அதில் ஒரு பெருமை. நடுவில் சீட் மாறி உட்கார்ந்து குளிர்பானம் வேறு. வேகம் குறைந்து விமானம் சரிந்தது, ரெண்டு எஞ்சினும் அணைந்தன, உள்ளே சுழல்வது இறுகிப்போய் மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஜெபர்சன் சிட்டி பக்கத்தில் விழுந்தது. துணை விமானிக்கு 23 வயது. உனக்கு மாசி வந்தால் 24.

என்னைத் தூங்கவிடாதது அதுகூட இல்லை. கட்டுப்பாட்டு அறையிடம் முதலில் ஒரு எஞ்சின்தான் போச்சு என்றார்கள். உண்மையைச் சொல்வதற்குள், இறங்கியிருக்கக்கூடிய ஓடுதளங்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. வெட்கம், வேறென்ன.

அந்த வெட்கம் எனக்குத் தெரியும். செம்பனைப் பழ லோரி ஓட்டிய காலத்தில், மில்லில் பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது, கோயில் மேட்டு இறக்கத்தில் எஞ்சினை அடைத்து ஃப்ரீ கியரில் விடுவேன். பக்கத்து சீட்டில் கிளீனர் பையன், பதினேழு வயது, கண்ணை மூடிக்கொள்வானே தவிர ஒரு வார்த்தை பேசமாட்டான், அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று. ஒருநாள் எஞ்சின் ஓடாததால் பிரேக் மிதி கல்லாகிப் போய், லோரி பால்மரத்தில் மோதித்தான் நின்றது. அவனுக்கு முன்பல் ரெண்டும் போயிற்று. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டபோது பழைய லோரி, பிரேக் பிடிக்கவில்லை என்றேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

நீ இப்போது அவன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். இன்னொரு தடவை அந்த ஆள் சாய்த்தால், வேண்டாம் கேப்டன் என்று வாயைத் திறந்து சொல்லு. கேட்கவில்லையா, இறங்கியதும் எழுதிக் கொடு. கோபித்தால் கோபிக்கட்டும்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாதே. அவளுக்கு இத்தனை வருஷமும் அந்த பிரேக் கதைதான் தெரியும், இந்த வாரம் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா