பரிசுப் பெட்டி பற்றிய புகார்: இந்த முறையாவது முழுதாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெரிய ஓவிய, கைவினைப் பரிசுப் பெட்டியைப் பற்றி சாட்டிலும் போனிலும் மெயிலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வருகிறார், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார், நானும் சொல்கிறேன், "வேறு டிபார்ட்மென்டுக்கு மாற்றுகிறேன் சார்" என்கிறார், லைன் கட் ஆகிவிடுகிறது. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து பொறுப்பில் உள்ள யாராவது படியுங்கள்.

எந்தப் பெட்டி என்று உங்களுக்கே தெரியும், மூடியில் யானைப் படம் போட்டு இழுப்பறை வைத்தது. என் தங்கை மகளுக்கு 6 வயது, இடது கைப் பழக்கம், கையில் எது கிடைத்தாலும் வெட்டி ஒட்டி ஏதாவது செய்துகொண்டே இருப்பாள். பிறந்தநாளுக்கு நல்லதாகத் தர வேண்டும் என்று உங்கள் தளத்தில் பரிசு தேர்வு செய்யும் பகுதிக்குப் போனேன். வயது கேட்டீர்கள், எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டீர்கள், வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை உண்டா என்றுகூடக் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் கொடுத்தேன், தம்பிப் பாப்பா இருக்கிறான் என்பதையும் சேர்த்து. இவ்வளவு கேட்டு வாங்கிக்கொண்டு நீங்கள் அனுப்பியது என்ன?

முதலில் அந்தக் கத்தரிக்கோல். கைப்பிடி பச்சை நிறம், மேலே 'இடது கைக்கு' என்று ஸ்டிக்கர். பிளேடு அப்படியே வலது கைக் கத்தரிக்கோலின் பிளேடு. வலது கைக் கத்தரிக்கோலில் மேல் பிளேடு வலப்பக்கம் இருக்கும். அதை இடது கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோட்டை அந்தப் பிளேடே மறைத்துவிடும். விரல் அழுத்தமும் இரண்டு பிளேடையும் நெருக்குவதற்குப் பதிலாக விலக்கிவிடும், தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். குழந்தை திரும்பத் திரும்ப முயற்சி செய்துவிட்டு "மாமா, எனக்கு வெட்டவே வரல" என்று அழுதது. அவளுக்கு நன்றாகவே வரும். உங்கள் கத்தரிக்கோலுக்குத்தான் வராது.

இதைப் போனில் சொன்னபோது உங்கள் பிரதிநிதி ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்க சார், குழந்தை வெட்டுறதுதானே, இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். கத்தரிக்கோலை எப்படித் திருப்பினாலும் மேல் பிளேடு அதே பக்கம்தான் நிற்கும், கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். தான் விற்கிற பொருளை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காத ஆளைப் புகார் கேட்க உட்கார வைத்திருக்கிறீர்கள். உரையாடல் பதிவாகிறது என்று நீங்களேதான் ஆரம்பத்தில் சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். அந்தச் சிரிப்பையும் கேளுங்கள்.

அப்புறம் பெயின்ட். மூடியில் 'கழுவினால் போகும்' என்று கொட்டை எழுத்து, உள்ளே டியூபின் அடியில் பொடி எழுத்தில் 'அக்ரிலிக்'. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும், தண்ணீருக்கு மசியாது. துணியில் காய்ந்தால் அந்தத் துணி அவ்வளவுதான், தூரிகையில் காய்ந்தால் முடி குச்சியாகிவிடும். சின்னக் குழந்தைக்குத் தர வேண்டியது கழுவினால் போகிற டெம்பெரா என்ற பெயின்ட், அல்லது வாட்டர்கலர். பிறந்தநாள் பாவாடை முழுக்க நீலக் கறை, தங்கை துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகவில்லை.

ரிட்டர்ன் மையத்துக்கு நேரில் கொண்டு வரச் சொல்லி உங்கள் ஆட்களே மெயில் அனுப்பினார்கள். அரை நாள் லீவு போட்டு, வெயிலில் அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், கவுன்ட்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சீல் உடைஞ்சிருக்கு, எடுக்க முடியாது." சீலை உடைக்காமல் உள்ளே இருக்கும் கத்தரிக்கோல் தப்பு என்று எப்படித் தெரியும்? மெயிலைக் காட்டினேன், அது தங்களுக்கு வரவில்லையாம். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். கை வலியைவிட அந்த அலட்சியம்தான் இன்னும் உறுத்துகிறது.

தாளைச் சொல்ல மறந்துவிட்டேன். வாட்டர்கலர் தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருந்தால்தான் ஓரளவு நெளியாமல் தாங்கும். நீங்கள் வைத்தது பிரின்டரில் போடும் 80 ஜிஎஸ்எம் தாளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. ஈரத் தூரிகை இரண்டு இழுப்பு இழுத்தாலே நார் திரிதிரியாக உருண்டு வருகிறது, சாயம் அடுத்த பக்கத்துக்கு இறங்குகிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். இலவச இணைப்பு என்று தண்ணீரில் ஊறி வீங்கும் ஜெல் மணிகளை ஒரு பாக்கெட் போட்டிருக்கிறீர்களே, அதற்கு என்ன பதில்? கைக்குழந்தை உள்ள வீடு என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள் வீங்கிக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. தம்பிப் பாப்பா கையில் எடுப்பதற்குள் தங்கை பார்த்துவிட்டாள். கேட்டால், பெட்டியில் 'ஏஎஸ்டிஎம் டி-4236' போட்டிருக்கிறது, அதனால் பாதுகாப்பானது என்று சாட்டில் ஒருவர் சொல்கிறார். ஓவியப் பொருளில் நாள்பட்ட உடல்நலக் கேடு உண்டா என்று பார்த்து, இருந்தால் லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்பதற்கான தரநிலை அது. அந்த எண் இருப்பதாலேயே நச்சில்லாதது என்று ஆகிவிடாது, விழுங்குகிற அபாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

எனக்குப் போனது பணம் மட்டும் இல்லை. ஒரு குழந்தையின் பிறந்தநாளே பாழாகிவிட்டது. ஆசையாகத் திறந்த பெட்டியை இப்போது அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இனி தூரிகையைத் தொடுவாளா என்றே தெரியவில்லை. இதற்கு என்ன ஈடு கொடுப்பீர்கள்?

நல்லபடியாகவே கேட்கிறேன். முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், பெட்டியை உங்கள் ஆளே வீட்டுக்கு வந்து எடுத்துப் போகட்டும். அந்த ஜெல் மணிப் பாக்கெட்டை எல்லாப் பெட்டியிலிருந்தும் இன்றே எடுங்கள். 'இடது கைக்கு' என்ற ஸ்டிக்கரை நிறுத்துங்கள், அல்லது உண்மையான இடது கைப் பிளேடு போடுங்கள். சிரித்தவர் என் தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 7 நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு இதே கடிதம், பில், படங்கள், உங்கள் மெயில் எல்லாம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும், மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை.

பதில் எழுத்தில் வரட்டும், போன் வேண்டாம். ஆர்டர் விவரம் உங்களிடமே இருக்கிறது, மறுபடி என்னிடம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்