இரத்த அறிக்கையைக் கேள்வி கேட்பது தந்திரமல்ல

ஆசிரியருக்கு,

மது அருந்தி வாகனம் ஓட்டிய வழக்குகளில் இரத்தப் பரிசோதனை அறிக்கையை எதிர்த்து வாதிடுவது தப்பிக்கும் தந்திரமே என்ற தொனியில் அமைந்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். போதையில் ஓட்டுபவர்கள் மீது தங்களுக்குள்ள சினம் எனக்கும் உண்டு. ஆனால் அறிக்கையில் உள்ள எண், இரத்தம் எடுக்கப்பட்ட விதத்தையும் பாதுகாக்கப்பட்ட விதத்தையும் பொறுத்தே நம்பத்தக்கதாகிறது. இரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு என்ற வேதிப்பொருள் போதிய அளவில் சேர்க்கப்படாத குழாயில், குளிரூட்டப்படாமல் நாட்கணக்கில் கிடக்கும் இரத்தத்தில் நுண்ணுயிரிகள் சர்க்கரையை நொதிக்கச் செய்து ஆல்கஹாலை உண்டாக்கக்கூடும். சிகிச்சைக்காக மருத்துவமனைகள் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மத்தில்) அளக்கும் ஆல்கஹால், முழு இரத்தத்தில் உள்ளதைவிடப் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கும். சட்ட வரம்பை ஒட்டி நிற்கும் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பதை இந்த வேறுபாடு மட்டுமே தீர்மானித்துவிடலாம்.

நான் மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், இரத்தம் எடுத்த நேரமும் எடுத்தவரின் கையொப்பமும் இல்லாத குழாய் ஒன்று காவல்துறை வழக்குக்காக வந்தது. அதை ஏற்க மறுத்ததற்காக நான் கடிந்துகொள்ளப்பட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. எடுக்கப்படும் இரத்தத்தை இரண்டு குழாய்களில் முத்திரையிட்டு, ஒன்றைக் குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பும் வேறொரு ஆய்வகத்தில் சோதிப்பதற்காகக் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டும்; ஆல்கஹாலை மற்ற பொருட்களிலிருந்து பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பு முறையில் சோதிக்கப்பட்டதா, சோதிக்கப்பட்டது சீரமா முழு இரத்தமா என்பதை அறிக்கையிலேயே குறிப்பிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்