வீடு தேடிப் போன முட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா கால இழப்புகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அங்கன்வாடிகளை மூடியதால் பெரிய பாதிப்பில்லை, சத்துமாவும் முட்டையும்தான் வீடு தேடிப் போய்விட்டனவே என்று ஒரு வரி. அவற்றைச் சுமந்து வீடு வீடாகப் போனவள் நான். கூலி வேலை நின்றுபோன வீட்டில், பிள்ளைக்கென்று கொடுத்த முட்டையை அந்தப் பிள்ளை மட்டுமா சாப்பிடும்? பெற்றவளைக் குறை சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும்தான் பசி. மையத்தில் என்றால் என் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிடும். மாதாமாதம் எடை போடுவோம். குறைந்திருந்தால் தாயைக் கூப்பிட்டுச் சொல்வோம். அதெல்லாம் நின்றதை எந்தக் கணக்கில் எழுதுவது?

டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்தது. நவம்பரில் திரையரங்கும் திறந்தது. அங்கன்வாடிகளைத் திறப்பது பற்றி முடிவெடுங்கள் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொன்னது. அப்படியும் மழலையர் பள்ளிகளும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று தேசிய கல்விக் கொள்கை எழுதியது, எங்கள் மையங்கள் பூட்டிக் கிடந்த 2020 ஜூலையில்தான். தெரிந்தேதான் சின்னப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள்.

மறுபடி வந்த பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பையன் கிரேயானைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்தாலே அழுதான். அங்கிருந்து நேரே ஒன்றாம் வகுப்பு!

சின்னப் பிள்ளைகளைக் கடைசியில் நிறுத்துவது கொரோனாவோடு முடிந்த வழக்கமும் அல்ல. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022 ஜூனில் அங்கே வகுப்பு இல்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் உண்டு என்றார்கள். நோய்க் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக அனுப்ப மட்டும் எங்கள் நினைவு உடனே வந்துவிடுகிறது. 1975-ல் தொடங்கிய இந்த அங்கன்வாடித் திட்டத்தில் மத்திய அரசு எங்களுக்குத் தருவது இன்றும் சம்பளம் அல்ல, மதிப்பூதியம்தான். உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்களால் முடிந்த ஒன்றைக் கேட்கிறேன். மழைக்காலத்தில் ‘பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை’ என்று போடுகிறீர்கள். அங்கன்வாடி உண்டா இல்லையா என்று தெரியாமல், கொட்டும் மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு, அதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
அங்கன்வாடி பணியாளர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)