பிளான் வந்த பிறகு வானம் தோண்டலாம், பாப்பா

திருநெல்வேலி டவுன்

அன்புள்ள மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை இருப்பார்.

போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன், உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. இது போனில் அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

"பின்னால அடுக்களை, பாத்ரூம், மேல ரெண்டு ரூம். பணமும் ரெடி, வேலை தெரிஞ்ச ஆளும் நீங்கதான். இன்னும் ஏன்ப்பா தள்ளிப் போடுதீங்க?" என்று கேட்டாய். நான் தள்ளிப் போடவில்லை, தாயி. மாநகராட்சி அனுமதி கையில் வராமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மாட்டேன், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்தவன் நான். என் மகளுக்குக் கட்டுகிற வீட்டில் ஒரு செங்கல்கூடத் தப்பான இடத்தில் இருக்கக் கூடாது.

எல்லா வேலைக்கும் அனுமதி வேண்டியதில்லை. வெள்ளையடிக்க, உதிர்ந்த பூச்சைப் பூச, தார்சாவில் தரை மாற்ற, உடைந்த ஓட்டை மாற்ற யாரிடமும் கேட்க வேண்டாம். அந்த வேலைகளை நான் இப்போதே செய்துகொண்டிருக்கிறேன். பட்டாசல் கூடத்தில் பெயர்ந்திருந்த தளத்தை எடுத்தாகிவிட்டது. ஆனால் அடுக்களை ஓட்டை இறக்கிவிட்டு கான்கிரீட் போடுவதும் மேலே மாடி எடுப்பதும் வேறு. வீட்டின் அளவும் உயரமும் மாறுகிற எதற்கும் பிளான் போட்டு அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

அந்த பிளானைக் கொடுப்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டு வரி ரசீது என் பெயரில் வருவதால் வீடு என் பெயரில் இருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பத்திரமும் நகர நில அளவைப் பதிவேடும் இன்னும் உன் தாத்தா பெயரில்தான் இருக்கின்றன. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதவில்லை. ஆச்சியும் போய்விட்டார்கள். இனி எனக்கும் அம்பாசமுத்திரம் அத்தைக்கும் சமபாத்தியம். விண்ணப்பத்தில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது நிற்காது.

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. அடுத்து, அத்தை தன் பாகத்தை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பை 25,000-த்திலிருந்து 40,000 ஆக்கினார்கள், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பை 4,000-த்திலிருந்து 10,000 ஆக்கினார்கள். தாங்கக்கூடிய செலவுதான்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு எதுக்குலே பங்கு? அவ நல்லா இருந்தா போதும், எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு" என்றாள். அவள் மனசு அப்படி. அதற்காக என் அக்காவிடம் வெறுங்கையோடு கையெழுத்து வாங்க என்னால் முடியாது. இந்த வீட்டுக்குத் தாத்தா கடன் அடைத்த காலத்தில் பீடி சுற்றிக் கூலி கொண்டுவந்தவள் அவள். நீ அனுப்புகிற பணத்தில் ஒரு பகுதி அவளுக்குப் போகும். அதற்கு நீ சரி என்று சொல்ல வேண்டும். நீ மறுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் உன் வாயால் சொல்.

பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். நாலு மாலும், அதாவது நாலு பக்க எல்லையும், தெளிவாக எழுதியிருக்கிறது: கிழமேல் 60 அடி, தென்வடல் 20 அடி, "வடபுறம் முடுக்கு, அதில் இரு வீட்டாருக்கும் பொதுவில் நடைபாத்தியமும் நீர்ப்பாத்தியமும் உண்டு." பிளான் போடுகிற எஞ்சினியர் தம்பி டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். தெருப்பக்கம் சரியாக 20 அடி இருந்தது. புறவாசல் பக்கம் போனால் 19 அடி 5 அங்குலம்தான் வருகிறது. தெற்குப் பக்கத்துப் பொதுச்சுவர் பின்னால் போகப் போக நம் பக்கம் சாய்ந்து வந்திருக்கிறது. மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அகலச் சுவர், எப்போது யார் கட்டினார்களோ. பத்திரம், பட்டா, நிலத்தில் இருப்பது, மூன்றில் எது குறைவோ அதைத்தான் பிளானில் எடுக்க வேண்டும் என்றார் தம்பி. அது நல்லதுதான். ஏழு அங்குலத்துக்காகப் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு உறவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை ஒன்று கேட்டார், இப்போதுதான் உடனடி அனுமதி வந்துவிட்டதே, கம்ப்யூட்டரில் போட்டால் அன்றைக்கே வந்துவிடுமே என்று. அவர் சொல்வது சரி. சுயசான்று முறை என்று 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதோடு ஒரு மாடியோ வீடாகக் கட்டினால், ஒற்றைச்சாளர இணையதளத்தில் நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஆய்வுக் கட்டணமும் கிடையாது. நம் மனை இரண்டே முக்கால் சென்ட், 1,200 சதுர அடி. அளவைப் பார்த்தால் அந்த வரம்புக்குள் வருகிறோம். ஆனால் நாம் முன்கட்டை வைத்துக்கொண்டு பின்கட்டை மட்டும் இடித்துக் கட்டுகிறோம். அதனால் அந்த வழியா, வழக்கமான வழியா என்பதை எஞ்சினியர் கேட்டுச் சொல்வார்.

எந்த வழியாக இருந்தாலும் மாப்பிள்ளையிடம் இதைச் சொல். சுயசான்று என்றால் விதி தளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அப்படியே இருக்கின்றன. ஆபீசர் பார்த்துச் சரி சொல்லுகிற இடத்தில் நாம் கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். கொடுத்த விவரம் பொய் என்று தெரிந்தால் அனுமதியே போய்விடும். நாளைக்குக் கேள்வி வந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீடு உன் பெயருக்கு வந்தால் அந்தக் கையெழுத்து உன்னுடையதாக இருக்கும். அதனால்தான் நான் இவ்வளவு பார்க்கிறேன்.

இப்போது உனக்கு வருத்தம் தரும் இரண்டு விஷயம். நீ ஆசைப்பட்ட பால்கனி இல்லை. நம் முன்சுவர் தெருவை ஒட்டியே நிற்கிறது. அங்கிருந்து பால்கனி நீட்டினால் அது தெருவின் மேல்தான் நிற்கும். பொது இடத்துக்கு மேலே நீட்ட யாருக்கும் உரிமை கிடையாது. அடுத்தது திறந்த முற்றமான வானவெளி. அதை மூடி ஹாலாக ஆக்கலாம் என்றாய். வேண்டாம், பாப்பா. இரண்டு பக்கமும் வீடு ஒட்டி நிற்கிற தெருவில் பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான் வருகின்றன. மேலே கம்பி வலை போட்டுத் தருகிறேன். மழைத் தண்ணீரையும் அங்கேயே பிடித்துக் கிணற்றுப் பக்கம் விட்டுவிடலாம். 2003-லிருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பிளானில் காட்ட வேண்டும்.

வடபுறச் சந்தான முடுக்குப் பக்கம் எதையும் நீட்டப் போவதில்லை. மாடிப்படி, சன்ஷேட், பைப், எல்லாம் நம் இடத்துக்குள்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணீரில் நின்றது. அன்றைக்கு நம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாததற்கு அந்த முடுக்கு காரணம். புறவாசல் தண்ணீர் முழுவதும் அது வழியாக ஓடித் தெருச் சாக்கடையான வாறுகாலில் விழுந்தது. வாறுகால் மேல் படி கட்டி மூடியிருந்த வீடுகளில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றதை நானே பார்த்தேன்.

வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முன்பு ஒரு வீட்டுக்கு மாடி எடுக்கக் கூப்பிட்டார்கள். அனுமதி வாங்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடையாணை வாங்கிவிட்டார். தூண் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் நின்றன. கடைசியில் சமாதானமாகி என்னைத் திரும்பக் கூப்பிட்டபோது கம்பியைக் கையால் தடவினேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. தளத்தை உடைத்து, கெட்ட கம்பியை வெட்டிவிட்டுப் புதுக் கம்பி கட்டினோம். அந்த வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. வீட்டை வைத்து லோன் கேட்டார், பேங்கில் முதலில் கேட்டதே அனுமதி பெற்ற பிளான்தான். நீங்களும் பாதிக்கு லோன் போடுவதாகச் சொன்னீர்கள். பேங்க் வேலை ஏற ஏறத்தான் பணம் விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் வந்து, பிளானில் உள்ளபடிதான் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பிளானில் இடிப்பதை மஞ்சளிலும் புதிதாகக் கட்டுவதைச் சிவப்பிலும் காட்டுவார்கள். மஞ்சளைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது, பழைய அடுக்களை அல்லவா. புது மாடிப் பாரத்தைப் பழைய சுவரில் ஏற்ற மாட்டேன். பொதுச்சுவரைத் தொடவே மாட்டேன். நம் இடத்துக்குள் தனியாகத் தூண் எழுப்பி அதன் மேல்தான் மாடி. இதனால் செலவு கொஞ்சம் கூடும்.

கட்டணங்களில் ஒன்று தொழிலாளர் நல நிதி, கட்டுமான மதிப்பில் 1 சதவீதம். சிலர் இதைக் குறைத்துக் காட்ட மதிப்பையே குறைத்து எழுதச் சொல்வார்கள். நம் வீட்டில் உள்ளபடி எழுதுவோம். 1994-ல் ஆரம்பித்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிற பணம் அது. நீ ஸ்கூலில் படித்தபோது வந்த உதவித்தொகையும், இன்று எனக்கு வருகிற பென்ஷனும் அங்கிருந்து வந்தவைதான். சாரத்தில் நிற்கிற ஒவ்வொரு கையாளுக்கும் அதில் பாத்தியம் உண்டு.

புரோக்கர் ஒருவர் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அத்தை எழுதித் தந்ததும், வீட்டை உன் பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று நானும் அம்மாவும் நினைக்கிறோம். நாங்கள் இருக்கும்வரை இங்கேயே இருப்போம் என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடலாம். பிறகு பட்டாவும் பிளானும் நேராக உன் பெயரிலேயே வரும், லோனுக்கும் அதுதான் வசதி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சம்மதமா என்று யோசித்துச் சொல்லுங்கள். சம்மதம் என்றால் ஆனித் தேருக்கு வரும்போது இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போட்டுக்கொண்டு வா, பத்திர ஆபீசுக்குப் போக வேண்டும். ஆதார், பான் இரண்டும் அசல் வேண்டும். போட்டோ இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அடுக்களையில் நின்று சமைக்கிற மேடை வேண்டும் என்று நீ சொன்னாய், பாத்திரம் கழுவ உட்கார்ந்து தேய்க்கிற அங்கணமும் வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது அதைப் பொறுத்து மாறும். எஞ்சினியர் படத்தை முடிப்பதற்குள் அம்மாவிடம் நீயே பேசி முடிவு செய்துவிடு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா