மேகமூட்டத்துக்கு மட்டும் பெருமை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தற்செயலாக நடந்த கண்டுபிடிப்புகளைப் பற்றித் தங்கள் இதழின் அறிவியல் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்ததும், அறிவியல் என்பது லாட்டரி விழுவது மாதிரி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வானம் மூடிக்கொண்டது, ஒளிப்படத் தட்டு கறுத்தது, கதிரியக்கம் கிடைத்தது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கொரலின் கதையை நாலே வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். இயற்பியல் சொல்லிக்கொடுத்துப் பழகியவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்றால் எக்ஸ் கதிரைக் கண்டவர் ஜெர்மானியரான ராண்ட்ஜனாக இருந்திருக்க மாட்டார். அவருக்கு ஐந்தாண்டுகளுக்கும் மேலாக முன்பே, 1890 பிப்ரவரி 22 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குட்ஸ்பீடு என்ற பேராசிரியரும் ஜென்னிங்ஸ் என்ற ஒளிப்படக்காரரும் மின்பொறிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தபின் குட்ஸ்பீடு நண்பருக்கு வெற்றிடக் குழாய்களை (காற்றை வெளியேற்றிவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிற கண்ணாடிக் குழாய்கள்) இயக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்த ஒளிப்படத் தட்டுகளின் மேல் இரண்டு நாணயங்கள் கிடந்தன. தட்டைக் கழுவிப் பார்த்தால் அதில் வட்ட வட்டமாக நிழல்! ஏதோ கோளாறு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். 1896-இல் ராண்ட்ஜனின் செய்தி உலகமெங்கும் பரவிய பிறகுதான் அந்தத் தட்டைத் தேடி எடுத்தார்கள். கண்டுபிடித்த பெருமை எங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ராண்ட்ஜனுக்கு வாய்த்ததும் அதே மாதிரி ஒரு சின்ன உறுத்தல்தான். கறுப்பு அட்டையால் மூடிய குழாய், இருட்டறை, சற்றுத் தள்ளி இருந்த ஒரு திரையில் மினுக்கம். 1895 நவம்பர் 8-இல் அதைக் கண்டவர், அடுத்த பல வாரங்கள் வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கட்டுரை விட்டுவிட்ட பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. 1896 ஜனவரி 20 அன்று பாரிஸில் அறிவியல் கழகத்தின் கூட்டம். ராண்ட்ஜனின் கதிர்கள் பற்றிக் கணித மேதை பாய்ன்கரே பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்த பெக்கொரல், கதிர் குழாயின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று விசாரிக்கிறார். கண்ணாடி ஒளிர்கிற இடத்திலிருந்துதான் என்று பதில் வருகிறது. ஒளிரும் பொருள்களை ஆராய்வது பெக்கொரல் வீட்டில் பரம்பரைத் தொழில். தாத்தாவும் அப்பாவும் அதே துறையில் ஊறியவர்கள். அப்படியானால் வெயில் பட்டு ஒளிர்கிற என் யுரேனிய உப்பும் இந்தக் கதிரை வெளியிடுமோ? இதுதான் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி.

கேள்வியே தப்பு. ஒளிர்தலுக்கும் அவர் காணப்போவதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அதைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். கறுப்புத் தாளில் சுற்றிய தட்டு, மேலே உப்பு, நடுவில் செம்பில் வெட்டிய சிலுவை. பிப்ரவரி 26, 27 தேதிகளில் வெயில் சரியாக அடிக்கவில்லை. எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் வைத்தார். மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை, தட்டைக் கழுவினார். வெயில் படாத உப்பு, அதனால் மங்கலாக ஏதாவது தெரிந்தால் உண்டு என்று எதிர்பார்த்தார். சிலுவையின் உருவம் பளிச்சென்று பதிந்திருந்தது. அதாவது, வெயிலே படாமல் உப்பு தானாகவே கதிரை வெளியிட்டிருக்கிறது. தன் கருத்தைக் காப்பாற்ற அவர் ஆயிரம் சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மறுநாளே கழகத்தில் அறிவித்துவிட்டார். மேகத்தின் பங்கு இதில் எவ்வளவு என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு வேடிக்கை. இதே கழகத்தில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, நியெப்ஸ் த சென் விக்தோர் என்பவர் யுரேனிய உப்புகள் இருட்டிலும் ஒளிப்படத் தாளில் பதிவதைச் சொல்லியிருந்தார். அவருக்கு ஆர்வம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கோத்துப் பார்க்க அன்றைக்கு எக்ஸ் கதிர் என்று ஒன்று இல்லை. ஆர்வம் மட்டும் போதாது, பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்ற சேதியும் வந்து சேர வேண்டும். வந்ததை உள்ளே விடவும் வேண்டும் என்பேன்.

பெக்கொரலின் கதிரை உடனே எல்லோரும் கொண்டாடினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். எலும்பைக் காட்டுகிற எக்ஸ் கதிரின் மீதுதான் அப்போது எல்லோருக்கும் கண். அவரே கொஞ்ச நாளில் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். ஆளில்லாத அந்தத் துறையில்தான் மேரி கியூரி நுழைந்தார். ஒளிப்படத் தட்டை ஒதுக்கிவிட்டு, கதிர் காற்றில் உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்தார். அதற்கு உதவிய கருவி, கணவர் பியரும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்ட ஒரு விந்தையிலிருந்து பிறந்தது: குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுகிறது. பதினெட்டு ஆண்டு கழித்து இது யுரேனியத்தை அளக்கப் போகிறது என்று அந்தச் சகோதரர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அளந்தால், யுரேனியத்தின் தாதுவான பிட்ச்பிளெண்ட், கதிரை வெளியிடுவதில் தனி யுரேனியத்தைவிட அதிக வீரியம் காட்டியது. சால்கோலைட் என்ற இன்னொரு தாதுவும் அப்படியே. மேரி செய்த அடுத்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சால்கோலைட்டைத் தூய பொருள்களிலிருந்து ஆய்வகத்திலேயே தயாரித்து அளந்தார். அதில் அந்தக் கூடுதல் வீரியம் இல்லை! அப்படியானால் பூமியில் கிடைப்பதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. அப்படித் தேடிக் கிடைத்த புதிய தனிமங்கள்தான் 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கண்டுபிடித்தவர் பெயர், ஆண்டு, நடந்த அதிசயம் என்று மட்டும் போடாமல், யார் யாருடைய பேச்சைக் கேட்டார், யாருடைய கருவியை எடுத்துக்கொண்டார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற பக்கம் அது. தொடர்ச்சிக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. பியர் கியூரியின் மாணவர் பால் லாஞ்செவின் முதல் உலகப் போரின்போது அதே குவார்ட்ஸை வைத்துக் கடலுக்குள் ஒலி அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வழி கண்டார். அடுத்த கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்