எல்லை தாண்டும் குழாய்க்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெருமுகை, மேல்மொணவூர், அப்துல்லாபுரம் போன்ற ஒட்டிய ஊர்களுக்கும் வேலூர் மாநகராட்சிக் குழாயை நீட்டச் சொல்வது நியாயம்தான். வீடுகள் எல்லைக்கல் பார்த்தா முளைக்கின்றன? ஆனால் பள்ளம் தோண்டும் முன் சிலவற்றை எழுத்தில் முடித்துவிட வேண்டும்.

சென்னைக்கு 1978 சட்டமும் தனிக் குடிநீர் வாரியமும் உண்டு. இங்கே எல்லைக்குள் மாநகராட்சி, வெளியே ஊராட்சி, இரண்டுக்கும் மொத்தமாக நீர் தருவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். மேட்டூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிடும் காவிரி நீருக்குக் கடைசி 3 கிலோமீட்டரில்தான் உரிமையாளர் குழப்பம். அளவுகோலும் இரண்டு: பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், ஜல் ஜீவன் திட்டப்படி கிராமத்தில் 55 லிட்டர். குழாய் எந்தக் கணக்கில் போகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

குறைந்த கணக்கையே எடுப்போம். 1,000 வீடு, வீட்டுக்கு 4 பேர், கசிவுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் நாளுக்குச் சுமார் 2.5 லட்சம் லிட்டர். இதை 8 மணி நேரத்தில் 110 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாயில் அனுப்பினால், நீரைச் சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய அழுத்தம் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் உராய்விலேயே போய்விடும். 3 கிலோமீட்டர் தாண்டி மேல்நிலைத் தொட்டியில் ஏற அழுத்தம் எங்கே மிஞ்சும்? 160 மி.மீ. போட்டால் இழப்பு கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர்தான். குழாய்ச் செலவில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

எல்லையில் மொத்த அளவு மீட்டர் கட்டாயம். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல 10 மடங்கும் பின்னால் 5 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் விட வேண்டும். நாள் விட்டு நாள் தண்ணீர் திறந்தால் இடையில் காலியான குழாயில் காற்று நிறையும். இறக்கை சுழன்று அளக்கும் மீட்டர் காற்றுக்கும் சுற்றி, வராத தண்ணீருக்கு ஊராட்சி தலையில் பில் கட்டும். மேடான இடங்களில் காற்று வால்வு வைத்தால் இந்தத் தகராறு பெருமளவு தீரும். மீட்டரை அடுத்து ஒருவழி வால்வும் தேவை. ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்றும் ஊராட்சித் தொட்டியிலிருந்து உப்பு நீர் நகரக் குழாய்க்குள் திரும்பக் கூடாது. இன்னும் நல்லது, குழாயைத் தொட்டியின் மேல்விளிம்புக்கு மேலே திறந்துவிடுவது.

கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். நீண்ட குழாயில் அது குறைந்துவிடும் என்பதால் ஊராட்சித் தொட்டியில் மறுபடி மருந்து கலக்க வேண்டும். தொட்டி ஆபரேட்டருக்கு மருந்தும் சோதனைப் பெட்டியும் வாங்கித் தருவது யார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்; அந்த வரி இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

எல்லைக்கு வெளியே மனை விற்போர் ‘மாநகராட்சிக் குடிநீர் வசதி’ என்று விளம்பரம் செய்வதற்கும் கடிவாளம் தேவை. சேவைப் பகுதியின் வரைபடத்தைச் சர்வே எண்களுடன் வெளியிட்டு, அதற்குள் வராத மனைப்பிரிவு தன் நீராதாரத்தைக் காட்டினால்தான் அனுமதி என்று வைக்கலாம்.

கட்டணம், எல்லைக்கு அப்பால் உடைப்பைச் சரிசெய்வது யார், எத்தனை மணி நேரத்தில் என்பவற்றோடு பற்றாக்குறைப் பங்கீட்டையும் இப்போதே எழுதிவிட வேண்டும். வரத்து 30 விழுக்காடு குறைந்தால் இரு பக்கமும் 30 விழுக்காடு குறைய வேண்டும். இல்லையேல் முதலில் மூடப்படுவது எல்லை வால்வாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.