வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பாரம் ஏற்றும் சைக்கிளில் காற்றைக் குறைக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நம் கடையில் வேண்டுமென்றே காற்றை அதிகமாக அடித்து ரிம்மைக் கெடுக்கிறோம், பிறகு புது ரிம்மைத் தலையில் கட்டுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு காட்பாடி வரைக்கும் சுற்றுகிறது. காற்று அடிக்க நாங்கள் காசே வாங்குவதில்லை, அது உங்களுக்கே தெரியும். வேலையில் குறை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நாணயத்தையே சந்தேகப்பட்டதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

அந்தப் பேச்சுக்குக் காரணமான சைக்கிளை நானும் பார்த்தேன். பின் ரிம்மின் இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் நசுங்கியிருந்தன. டியூபிலும் அதே இடத்தில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை. காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கும்போது முழுக்க அமுங்கிவிடும், ரிம் கல்லில் மோதும், நடுவில் சிக்கிய டியூப் இரண்டு இடத்தில் கிழியும். இது காற்று குறைந்ததால் வந்த காயம், கூடியதால் வந்தது அல்ல. கத்திரி வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து அதன் சொந்தக்காரர் காற்றை இறக்கியிருக்கிறார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நம் ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சரி, அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு. 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்றுள்ள டயர் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் அழுத்தம் ஏறுவது சுமார் 4 பி.எஸ்.ஐ. மட்டுமே. நல்ல டயர் அதைத் தாங்கும். வெயிலில் வெடிப்பது பெரும்பாலும் நூல் தெரிகிற, ஓரம் பிய்ந்த பழைய டயர். அந்த டயரை மாற்றுங்கள், காற்றைப் பிடுங்காதீர்கள்.

கேரியரின் இரு பக்கமும் 40 லிட்டர் பால் கேன் தொங்கினால் பாலே 80 கிலோவுக்கு மேல். ஓட்டுபவரின் எடையிலும் பாதிக்கு மேல் பின்னால்தான் விழுகிறது. பழைய 28 இஞ்ச் சைக்கிளில் முன் வீலுக்கு 32 கம்பி, பின் வீலுக்கு 40 கம்பி என்று வைத்தது இதற்காகத்தான். கம்பி குறைந்த ஃபேன்சி சைக்கிளில் அதே பாரத்தைக் கட்டாதீர்கள்.

கம்பி அறுந்தால் 'ரொம்ப இறுக்கிவிட்டார்கள்' என்கிறார்கள். தளர்ந்த கம்பிதான் சீக்கிரம் அறும். வீல் சுற்றும்போது கீழே வரும் கம்பியின் இழுவை ஒவ்வொரு சுற்றிலும் குறைந்து, மேலே போனதும் திரும்புகிறது. தளர்ந்த கம்பி அப்போது முழுக்கத் தொய்ந்து தொய்ந்து, ஹப்பில் மாட்டும் வளைவில் விட்டுப்போகிறது. ஒன்று போனால் பக்கத்துக் கம்பிகளுக்கும் பாரம் கூடும். அறுந்த அன்றே கொண்டுவாருங்கள். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பார்த்தால் தளர்ந்தது கையிலேயே தெரியும்.

டயர் ஓரத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பாரம் சுமக்கும் பின் டயருக்கு அதை ஒட்டி, முன் டயருக்குக் கொஞ்சம் குறைவாக வைக்கலாம். வால்டியூப் (வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) வைத்த டியூபில் காற்றை அளக்கும் சாதாரண கேஜ் சரியாகக் காட்டாது. அதனால் பாரத்தோடு நிறுத்தி, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். சுமார் 40 மி.மீ. உயரமுள்ள டயர் 6 மி.மீ. வரை அமுங்கலாம். அதற்கு மேல் அமுங்கினால் காற்று போதாது.

இத்தனை பேச்சுக்குப் பிறகும் விடியற்காலையில் வண்டியை நம்பி விட்டுப்போகும் பால்கார அண்ணன்மாருக்கும், தண்ணீர் கேன் போடும் தம்பிகளுக்கும், நேதாஜி மார்க்கெட்டிலிருந்து முள்ளுக்கத்தரிக்காய் மூட்டையோடு வரும் அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி. எங்களுக்காகச் சிலர் வாதாடினீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதை மறக்க மாட்டேன்.

அப்புறம், வீல் கட்டும் பெரியவர் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் கோட்டம் எடுக்கும் வேலை இனி மறுநாள் மாலைதான் கிடைக்கும், கூலியும் சற்றுக் கூடும்.

காலை 6 மணிக்கே கடை திறந்திருக்கும். மூட்டையை இறக்காமல் பாரத்தோடு வாருங்கள், பார்த்து அடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சைக்கிள் கடைக்காரர்,
வேலூர்